ஸ்கேனருக்குள் உறக்கம்: மூளை அலைக் கருவி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

2019-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் லாரா லூயிஸின் குழு அரிய காட்சியொன்றைப் பதிவு செய்தது. விரைவுக் கண்ணசைவு இல்லாத உறக்கத்தில், மூளையைச் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவடத் திரவம் சுமார் 20 விநாடிக்கு ஒருமுறை பெரிய அலையாகப் பாய்கிறது. அதற்குச் சற்று முன்பே நரம்பணுக்களின் மெதுவான மின் அலை எழுந்துவிடுகிறது. திரவத்தைக் காட்டியது எம்.ஆர்.ஐ.; மின் அலையைக் காட்டியவை, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. கருவிக்காகத் தலையில் பொருத்திய மின்முனைகள். இரண்டையும் ஒரே நேரத்தில் பதியாமல் எது முந்தியது என்று சொல்லியிருக்க முடியாது. கண்ணை மூடிக் கிடப்பவர் உண்மையில் தூங்குகிறாரா என்பதற்கும் இ.இ.ஜி.தான் சாட்சி.

இத்தகைய ஆய்வுக்கு இ.இ.ஜி. கருவி வாங்கப் போனால், விலைப்பட்டியலில் முதலில் கண்ணில் படுவது சேனல்களின், அதாவது தனித்தனியே பதியும் தடங்களின், எண்ணிக்கை. 64, 128, 256 என்று ஏறிக்கொண்டே போகும். உறக்கக் கட்டங்களைப் பிரித்தறிய அவ்வளவு தேவையில்லை. நெற்றி, உச்சி, பின்தலை ஆகிய இடங்களில் சில மின்முனைகள், கண்ணருகே இரண்டு, தாடைத் தசைக்குச் சில இருந்தால், 30 விநாடித் துண்டுகளாகக் கட்டம் பிரித்துவிடலாம். 32 சேனல் தாராளம் என்பேன். மிச்சமாகும் பணம், மின்முனைகளின் நுண்ணிய மின்னழுத்தத்தைப் பெருக்கி எண்களாக மாற்றும் பெருக்கியின் (ஆம்ப்ளிஃபயர்) தரத்துக்குப் போகட்டும்.

காரணம் இருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தின் மெதுவான அலை 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்டினால்தான் கணக்கில் சேரும்; ஒரு மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஸ்கேனர் படமெடுக்கும்போது, இடத்துக்கு இடம் வலிமை மாறும் அதன் சாய்வுக் காந்தப்புலங்கள் ஓயாமல் மாறுகின்றன. மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது ஃபாரடேயின் விதி. எனவே மின்முனைக் கம்பிகளில் மூளை அலையைவிட நூறு மடங்கும் அதற்கு மேலும் பெரிய இரைச்சல் எழுகிறது. இதைத் தாங்காத பெருக்கியில் அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. 16 பிட் பெருக்கி மின்னழுத்தத்தை 65,536 படிகளாகப் பிரித்து அளக்கும். ஒரு படி 0.5 மைக்ரோவோல்ட் என்றால், மொத்தம் சுமார் 33 மில்லிவோல்ட் வரை கொள்ளும். சிறிய அலையும் தெரிய வேண்டும், பேரிரைச்சலும் உள்ளே அடங்க வேண்டும்.

அடங்கிய இரைச்சலைப் பிறகு நீக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் அது ஒரே வடிவில் திரும்ப வருவதால், சராசரி வடிவத்தைக் கணித்துக் கழித்துவிடும் முறையை ஃபிலிப் ஆலன் குழுவினர் 2000-இல் வெளியிட்டனர். ஆனால், ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில் அளவெடுத்தால்தான் கழித்தல் சுத்தமாக இருக்கும். நொடிக்கு 5,000 முறை அளக்கும் பெருக்கியின் கடிகாரம் ஸ்கேனரின் கடிகாரத்தோடு பூட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்கான இணைப்புப் பெட்டி உங்கள் ஸ்கேனருக்குப் பொருந்துமா, விலையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கழித்த பின்னும் எச்சம் இருக்கும். 2 விநாடிக்கு ஒரு முழுப் படம், அதில் ஒவ்வொன்றாக எடுக்கப்படும் 30 சீவல்கள் (குறுக்குவெட்டுப் படங்கள்) என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 15 சீவல் என்பதால் எச்சம் 15 ஹெர்ட்ஸில் விழும். இரண்டாம் கட்ட உறக்கத்தின் அடையாளமான கதிர் அலைகள் (ஸ்பிண்டில்) வருவதும் 11 முதல் 16 ஹெர்ட்ஸுக்குள்தான்! சீவல் எண்ணிக்கையையும் இதை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதயத் துடிப்பு இன்னும் பொல்லாதது. ஒவ்வொரு துடிப்பிலும் தலை நூலளவு அசைகிறது. 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) புலத்தில் அந்த அசைவே மூளை அலைக்கு நிகரான மின்னழுத்தத்தை உண்டாக்கும். உறக்கத்தில் இதயம் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை துடிக்கிறது. மெதுவான அலையும் அதே வேகத்தில் வருவதால், அதிர்வெண்ணைக் கொண்டு இரண்டையும் பிரிக்க வழியில்லை. முதுகில் ஓர் இ.சி.ஜி. மின்முனையும், அசைவை மட்டும் அளக்கும் கார்பன் கம்பி வளையங்களும் இதற்கு உதவுகின்றன.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. 3 டெஸ்லா ஸ்கேனர் சுமார் 128 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைப் பாய்ச்சுகிறது. சுருண்டு கிடக்கும் கம்பி சூடேறித் தோலைச் சுட்டுவிடலாம். தூங்குபவர் உடனே மணியை அழுத்துவார் என்று நம்பியிருக்க முடியாது. ஒவ்வொரு மின்முனையிலும் மின்தடை இருக்க வேண்டும். கம்பிகள் வளையாமல் வெளியேற, ஸ்கேனரில் தலையைச் சூழும் தலைச்சுருளில் திறப்பு இருக்க வேண்டும். 3 டெஸ்லாவுக்குச் சான்று பெற்ற மின்முனைத் தொப்பி 7 டெஸ்லாவுக்குச் செல்லாது.

உப்புநீர்ப் பஞ்சுத் தொப்பியை அணிவிப்பது எளிது. ஆனால் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். நீண்ட உறக்கத்துக்கு மின்னைக் கடத்தும் களிம்பே ஏற்றது. மல்லாந்து படுப்பவரின் பின்தலையில் மின்முனைகள் அழுந்தும் என்பதால், தட்டையானவையா என்று கையில் வாங்கிப் பாருங்கள்.

பணம் கட்டுமுன், உங்கள் ஸ்கேனரிலேயே, படம் ஓடும்போது, ஒருவரை உள்ளே படுக்கவைத்துப் பதிந்து காட்டச் சொல்லுங்கள். துப்புரவு செய்யாத மூலத் தரவையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனரின் காந்தத்தைக் குளிராக வைக்கும் ஹீலியம் குளிர்விப்பானை நிறுத்திவிட்டுச் செய்துகாட்டினால் ஏற்க வேண்டாம். அதன் அதிர்வும் பதிவில் விழும். இரவு முழுக்க அதை நிறுத்தி வைக்கலாம் என்று நம்பியிருக்க முடியாது.