சட்டசபையை ஒத்திவைத்தால் மசோதா செத்துவிடுமா?

“சட்டசபையைத் தேதி குறிப்பிடாம ஒத்திவச்சுட்டாங்களாமே, அப்ப நம்ம மசோதா அவ்வளவுதானா சார்?” வணிகர் சங்கம், குடியிருப்போர் சங்கம் என்று யாருக்காவது சட்ட ஆலோசனை சொல்லிக்கொண்டே இருக்கும் என்னைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு, ஒவ்வொரு கூட்டத்தொடரின் கடைசி நாளிலும் வரும் கேள்வி இது. இல்லை, மசோதா எங்கும் போய்விடவில்லை.

பேரவையை ஒத்திவைப்பது சபாநாயகர். அது ஒரு மணி நேரத்துக்காகவும் இருக்கலாம், மறுநாள் வரைக்கும் இருக்கலாம், தேதியே சொல்லாமலும் இருக்கலாம். எப்படி ஒத்திவைத்தாலும் கூட்டத்தொடர் உயிரோடுதான் இருக்கிறது. சபாநாயகரே மறுபடி கூட்டலாம். கூட்டத்தொடரை முடித்து வைப்பது வேறு. அதைச் செய்பவர் ஆளுநர். அரசமைப்புச் சட்டத்தின் 174-வது பிரிவின்படி, அமைச்சரவையின் ஆலோசனையோடு. முடித்து வைத்தாலும் நிலுவை மசோதாக்கள் காலாவதி ஆகாது என்று 196-வது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. உறுப்பினர்கள் கொடுத்த கேள்வி, தீர்மான அறிவிப்புகள்தான் பெரும்பாலும் விழுந்துவிடும். புதிதாகக் கொடுக்க வேண்டும். பேரவையே கலைக்கப்பட்டால்தான் அங்கே நிலுவையில் இருக்கும் மசோதாவுக்கு ஆபத்து.

இந்த வித்தியாசம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பஞ்சாபில் 2023 மார்ச் 22-ல் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்த பேரவையை, சபாநாயகர் ஜூன் 19, 20 தேதிகளில் மீண்டும் கூட்டினார். அந்தக் கூட்டம் செல்லுமா என்று ஆளுநர் சந்தேகம் எழுப்பி, அங்கே நிறைவேறிய மசோதாக்களை நிறுத்தி வைத்தார். செல்லும் என்றது நவம்பர் 10-ல் வந்த தீர்ப்பு. கூடவே, ஒரே கூட்டத்தொடரை முடிக்காமல் இழுத்துக்கொண்டே போகக் கூடாது என்றும் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை தேவையானதுதான் என்பது என் கருத்து. தொடரை முடிக்காமல் வைத்திருந்தால் அரசு ஆளுநரிடம் போகாமலே சபையைக் கூட்டிக்கொள்ளலாம். ஆண்டின் முதல் தொடர் தொடங்கும்போது ஆளுநர் சபையில் படிக்கும் உரையும் தேவைப்படாது. 2022 மார்ச்சில் தெலங்கானா பட்ஜெட், அன்றைய ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜனின் உரை இல்லாமலே தொடங்கியது இந்த வழியில்தான்.

கூட்டும் உத்தரவில் ஓர் எழுத்து தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஆண்டில் ஒரு கூத்து நடந்தது. மேற்கு வங்கப் பேரவையை மார்ச் 7 அதிகாலை 2 மணிக்குக் கூட்டி ஆளுநர் உத்தரவிட்டார். அமைச்சரவை அனுப்பிய குறிப்பில் ‘பி.எம்.’ என்பதற்குப் பதில் ‘ஏ.எம்.’ என்று அச்சாகியிருந்தது. அப்புறம் அமைச்சரவை திருத்தி அனுப்பி, பிற்பகல் 2 மணியாக மாறியது.

அடுத்த தேதியைத் தள்ளிக்கொண்டே போகவும் முடியாது. ஒரு தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் நடுவே ஆறு மாதம் ஓடிவிடக் கூடாது. கொரோனா உச்சத்தில் இருந்த 2020-ல், மார்ச் 24-ல் நின்றுபோன நம் பேரவை செப்டம்பர் 14 முதல் மூன்று நாள் கலைவாணர் அரங்கில் கூடியதை இந்தக் கணக்கோடு பாருங்கள்.

இதில் சாதாரண மக்களை நேரடியாகத் தொடுவது அவசரச் சட்டம், அதாவது பேரவை நிறைவேற்றாமலே ஆளுநர் பிறப்பிக்கும் தற்காலிகச் சட்டம். பேரவை கூட்டத்தொடரில் இருக்கும்போது ஆளுநர் அதைப் பிறப்பிக்க முடியாது. பிறப்பித்த பிறகு பேரவை எந்த நாளில் கூடுகிறதோ, அந்த நாளிலிருந்து ஆறு வாரம்தான் அதற்கு ஆயுள். ஆன்லைன் சூதாட்டத் தடைக்கு 2022 அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அவசரச் சட்டம் வந்தது. அக்டோபர் 17-ல் பேரவை கூடியது, 19-ல் அதற்குப் பதிலான மசோதா நிறைவேறியது, ஆளுநரின் ஒப்புதல் மட்டும் வரவில்லை. 17-லிருந்து 42 நாள் எண்ணிப் பாருங்கள்: நவம்பர் இறுதி. அப்போது அவசரச் சட்டம் காலாவதியானது. ஒப்புதல் கிடைத்தது 2023 ஏப்ரலில்தான். நடுவில் உள்ள மாதங்களில் ‘சட்டம் இருக்கா, இல்லையா?’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் இந்த நாள் கணக்கைத்தான் காட்டினேன்.

சரி, சங்கங்கள் என்ன செய்யலாம்? ஆளுநர் உரை முடிந்ததும், பட்ஜெட் தாக்கலானதும், சபாநாயகர் தலைமையில் அலுவல் ஆய்வுக் குழு கூடி எத்தனை நாள் சபை நடக்கும் என்று முடிவு செய்யும். ஒவ்வொரு துறைக்குமான நிதி ஒதுக்கீட்டைச் சபை விவாதிக்கும் மானியக் கோரிக்கைகளுக்கு, எந்தத் துறைக்கு எந்த நாள் என்ற பட்டியலும் வெளியாகும். உங்கள் துறையின் நாளைப் பார்த்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பாவது தொகுதி எம்.எல்.ஏ.விடம் மனு போய்ச் சேரட்டும். அந்த நாள் கடந்த பிறகு எடுத்துப் போனால், அவர் நல்லவராகவே இருந்தாலும் பேச வாய்ப்பு கிடைப்பது கடினம். கூட்டத்தொடர் உண்மையில் முடிந்ததா என்பதை டிவியின் கீழே ஓடும் வரியை நம்பி முடிவு செய்யாமல், அரசிதழில் ஆளுநரின் உத்தரவு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.