கதவு திறந்திருக்கும் நேரம்: பொகோட்டா பஸ்களின் கணக்கு

பஸ் தாமதமானால் நாம் சாலையைத்தான் திட்டுவோம். ஆனால் கூட்ட நேரத்தில் பஸ் நின்றுகொண்டே இழக்கும் நேரமும் கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் படியேறி, காசு கொடுத்து, சில்லறை வாங்கி உள்ளே போக மூன்று நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பேர் ஏற இரண்டு நிமிடம். பின்னால் வந்த பஸ்ஸும் அதுவரை காத்திருக்கும். கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டா குறிவைத்தது இந்த இரண்டு நிமிடத்தைத்தான்.

சுமார் 2,600 மீட்டர் உயரத்தில், கிழக்கே மலைத்தொடரை ஒட்டி வடக்கு தெற்காக நீண்ட ஊர். 70 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். மெட்ரோவின் முதல் தடத்தையே இந்தப் பத்தாண்டில்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1990களில் பஸ் ஓட்டுநரின் வருமானம் ஏற்றிய தலைகளைப் பொறுத்தது. முந்தினவனுக்கே பயணி, கை காட்டிய இடமெல்லாம் நிறுத்தம். ஊர்க்காரர்கள் அதை 'கெர்ரா டெல் சென்தாவோ' என்றார்கள். காசுச் சண்டை என்று சொல்லலாம்.

மேயர் என்ரிக்கே பென்யலோசா காலத்தில், 2000 டிசம்பரில் 'ட்ரான்ஸ்மிலேனியோ' என்ற தனித்தட பஸ் சேவை ஓடத் தொடங்கியது. யோசனை முழுக்கப் புதிதல்ல. பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974லேயே பஸ்ஸுக்குத் தனித்தடம் போட்டுவிட்டது. பொகோட்டா அதைப் பெரிதாக்கியது. பஸ் நிறுவனங்களுக்குப் பயணிக் கணக்கில் அல்லாமல், ஓடிய கிலோமீட்டர் கணக்கில் பணம் தரத் தொடங்கியதால் முந்துவதற்கான காரணமே பெரும்பாலும் போய்விட்டது.

சரி, அந்த இரண்டு நிமிடம் என்ன ஆனது? சாலையின் நடுவில் நிலையம். கட்டணம் நிலைய வாசலிலேயே, கார்டைத் தொட்டு முடிந்துவிடுகிறது. நடைமேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே உயரம். ஏற படி இல்லை. துருத்தி வைத்து இணைத்த 18 மீட்டர் பஸ்ஸில் நான்கு அகலக் கதவுகளும் ஒரே சமயத்தில் திறக்கும். கூட்டம் ஏறி இறங்க அரை நிமிடம்கூட ஆகாது.

இதுவே போதுமா என்றால், போதாது. ஒரு பஸ் வந்து, ஆளேற்றி, விலக ஒரு நிமிடம் ஆனால் மணிக்கு 60 பஸ். ஒன்றுக்கு 160 பேர் என்றால் 9,600 பேர். ஒற்றைத் தடத்தில் இதுதான் உச்சம். அதனால் நிலையத்தருகே ஒரு திசைக்கு இரண்டு தடம் விட்டார்கள். ஒரே நிலையத்தில் பல நிறுத்துமிடங்களும் வைத்தார்கள். ஒரு பஸ் நின்றிருக்கும்போதே எக்ஸ்பிரஸ் பஸ் அதைக் கடந்து போய்விடும். என்னைக் கேட்டால், முழு அமைப்பின் சூட்சுமமும் அந்தக் கூடுதல் தடத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் மணிக்கு ஒரு திசையில் 40,000 பேருக்கு மேல் போக முடிகிறது. பல ஊர் மெட்ரோக்களே அந்த எண்ணிக்கையைத் தொடுவதில்லை.

எக்ஸ்பிரஸ் வந்ததும் எது எங்கே நிற்கும் என்ற குழப்பமும் வந்தது. அதற்கு எழுத்துக் குறியீடு: நகரின் ஒவ்வொரு முதன்மைத் தடத்துக்கும் ஓர் எழுத்து, ஒரு நிறம். பஸ்ஸின் முன்னால் இருக்கும் எழுத்து அது போய்ச்சேரும் தடத்தைச் சொல்லும். 'பி' என்றால் வடக்கு நெடுஞ்சாலை. அதே பஸ் திரும்பி வரும்போது எழுத்து மாறிவிடும். புதிதாக வருபவர் தடுமாறும் இடம் இது.

நிலையம் நடுவில் இருப்பதால் இந்த பஸ்களுக்குக் கதவு இடப்பக்கம். கொலம்பியாவிலோ வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஆகவே நடைபாதை ஓரமாக இவை ஆளேற்ற முடியாது. தடம் எட்டாத குடியிருப்புகளிலிருந்து முனையங்களுக்குக் கூட்டிவரத் தனியாகப் பச்சை பஸ்கள் ஓடுகின்றன. இரு பக்கமும் கதவு வைத்த பஸ்கள் பிற்பாடுதான் வந்தன.

இத்தனை செய்தும் காலை நெரிசலில் இந்த அமைப்பு திணறுகிறது. காரணம் மறுபடியும் கதவுதான். ஒரே வாசலில் பல எண் பஸ்கள் நிற்பதால், தன் பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர் இடத்தை விடாமல் முன்னாலேயே நிற்பார். வந்து நிற்கும் பஸ்ஸில் ஏற வேண்டியவர் அவருக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார். உள்ளே இருப்பவரோ இறங்க முடியாமல் தவிப்பார். 20 நொடி 40 ஆகும். பின்னால் அடுத்த பஸ் வந்து நிற்கும்.