அடர்த்தி: கல்லைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்க்கும் சொல்

டென்சிட்டி என்பதைப் பேச்சில் பலரும் ‘கனம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அம்மி கனம்தான், அதிலிருந்து தெறித்த சில்லு கனமில்லை. ஆனால் இரண்டுக்கும் அடர்த்தி ஒன்றே. ஒரு கன சென்டிமீட்டர் கல்லில் எத்தனை கிராம் இருக்கிறது என்பதுதான் அடர்த்தி.

லத்தீனில் ‘டென்சுஸ்’ என்றால் நெருக்கமானது. நம் ‘அடர்’ என்ற வினைக்கும் அதே பொருள்தான்: அடர்ந்த காடு, அடர்த்தியான முடி. ‘செறிவு’ என்பதும் பக்கத்துச் சொல்தான்; ஆனால் அது கரைசலுக்கு என்று வேதியியலில் நிலைத்துவிட்டது, அங்கேயே இருக்கட்டும். ‘நிறை’ என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. இலங்கையில் அதைத் திணிவு என்பார்கள், எடையைத்தான் நிறை என்பார்கள். நல்லவேளை, அடர்த்தி இரண்டு இடத்திலும் அடர்த்திதான்.

சரி, கல்லுக்கு வருவோம். ஒரு கல்லை நூலில் கட்டித் தராசில் தொங்கவிடுங்கள்: 540 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே வாளித் தண்ணீரில் முழுக்க மூழ்கவிடுங்கள், தரையில் தட்டக்கூடாது: 340. 200 கிராம் குறைந்திருக்கிறது; கல் விலக்கிய தண்ணீரின் எடைதான் அது, அதாவது கல்லின் அதே பருமனுள்ள தண்ணீர். 540ஐ 200ஆல் வகுத்தால் 2.7. தண்ணீரைப் போல 2.7 மடங்கு. இந்த விகிதத்துக்குப் பெயர் ஒப்படர்த்தி. இதற்கு அலகு கிடையாது.

கிரானைட் ஏறக்குறைய 2.65 முதல் 2.75 வரை வரும். தக்காணத்து எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் 2.8க்கு மேல், 3 வரை போகும். இரண்டையும் ஊரில் ‘கருங்கல்’ என்றே சொல்லிவிடுவார்கள், தராசு பிரித்துக் காட்டிவிடும். பசால்ட்டில் இரும்பும் மக்னீசியமும் கூடுதல், அதனால்தான் இந்த ஏற்றம். சேலத்து வெள்ளைக்கல்லான மேக்னசைட் 3ஐ ஒட்டி நிற்கும்; காந்தக்கல்லான மேக்னடைட் 5ஐத் தாண்டும். நுரைக்கல்லோ துளைகளில் காற்றை வைத்துக்கொண்டு மிதக்கும்.

துளைதான் இந்தச் சோதனைக்குத் தொல்லை. மணற்கல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், முள் நிற்காது. அப்புறம், துளையில்லாத சுண்ணாம்புக்கல்லும் 2.7தான், கிரானைட்டும் 2.7தான். அங்கே அடர்த்தி கைகொடுக்காது. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட வேண்டும், நுரைத்தால் சுண்ணாம்புக்கல்.