துண்டான விரல் பிழைக்கும் விதம்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் ரோலருக்குள் போன விரலும், தகடு வெட்டும் கத்தியில் துண்டான விரலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். ஒட்டுவதில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கத்தி வெட்டினால் ரத்தக்குழாயின் முனை சுத்தமாக இருக்கும். ரோலரோ விசைத்தறி பெல்ட்டோ பிடித்து இழுத்தால் குழாயின் உட்சுவர் உள்ளுக்குள் நெடுகக் கிழிந்துவிடும். விரலின் பக்கவாட்டில் நீளமாகச் சிவப்புக் கோடு தெரிந்தால் அதுதான் அடையாளம்.

அடுத்தது நேரம். விரலுக்குள் தசை கிடையாது. அதை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. ரத்தம் நின்றால் முதலில் சாவது தசைதான். அதனால் விரல் சாதாரண வெப்பத்தில் சுமார் 12 மணி நேரமும் குளிர்ச்சியில் 24 மணி நேரமும் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் கெடு 6 மணி நேரம்தான். குளிர வைத்தாலும் 12. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்திலிருந்து கோவைக்கு இன்னொரு 160 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தாலும் விரலுக்கு அவகாசம் உண்டு. முன்கைக்கு அப்படியில்லை. முதலில் அருகிலுள்ள மருத்துவமனையில் ரத்தத்தை நிறுத்தி, நுண்ணோக்கியில் பார்த்துத் தைக்கும் நுண் அறுவைச் சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

காரியம் பெரும்பாலும் கெடுவது வழியில். பதற்றத்தில் விரலை நேராக ஐஸில் போடுகிறார்கள். திசு உறைந்து செத்துப்போகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் திசு உப்பிக் குழாய்களைத் தைப்பது கடினமாகிறது. மஞ்சள்தூளை அப்பினால் அதைக் கழுவி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். சரியான முறை இதுதான்: அழுக்கை லேசாக அலசுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் என்ற உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் விரலைச் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். காயத்தைச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்தால் போதும். நூலோ ரப்பரோ போட்டு இறுக்கக் கூடாது. தோலில் தொங்கும் விரலை அறுத்தெடுக்கவும் கூடாது. அந்தத் தோலில் ஒரு சிரை உயிரோடு இருக்கலாம்.

‘நரம்பு கட்டாயிடுச்சு’ என்று நம்மூரில் சொன்னால் அது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணாகவும் இருக்கலாம், ரத்தக்குழாயாகவும் இருக்கலாம், உணர்வு நரம்பாகவும் இருக்கலாம். அறுவை அரங்கில் இவை தனித்தனி வேலை. எலும்பைச் சில மில்லிமீட்டர் குறைத்துக் கம்பியால் பொருத்துவார்கள். அப்போதுதான் குழாய்கள் இழுபடாமல் சேரும். பிறகு நீட்டும் நாண், மடக்கும் நாண், தமனி, நரம்பு, சிரை. தமனியின் குறுக்களவு சுமார் 1 மில்லிமீட்டர். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. 1965இல் ஜப்பானில் கொமாட்சு, தமாய் என்ற மருத்துவர்கள் துண்டான கட்டைவிரலை ஒட்டியபோதும் நுண்ணோக்கிதான் துணை நின்றது.

எல்லா விரலையும் ஒட்டுவதில்லை. கட்டைவிரலுக்கும் குழந்தைகளுக்கும் பல விரல்கள் போனவர்களுக்கும் முயல்வார்கள். அடிப்பகுதியில் துண்டான ஒற்றை ஆள்காட்டி விரலை ஒட்டினால் பெரும்பாலும் விறைத்து நின்று மற்ற விரல்களுக்கு இடைஞ்சலாகிறது. வேண்டாம் என்று மருத்துவர் சொல்வது அலட்சியமல்ல.

ஒட்டியபின் விரல் வெளுத்துக் குளிர்ந்தால் தமனி அடைப்பு. நீலம் பாரித்து வீங்கினால் சிரை அடைப்பு. இரண்டாவதற்குச் சில இடங்களில், தேங்கிய ரத்தத்தை உறிஞ்ச மருத்துவ அட்டைப்பூச்சி விடுவார்கள் (சேர்வராயன் தோட்டத்து அட்டையைப் பிடித்துவந்து விடக் கூடாது!). அட்டையின் குடலில் உள்ள பாக்டீரியாவுக்காக ஆன்டிபயாடிக்கும் உண்டு. பீடி, சிகரெட்டுக்குக் கண்டிப்பாகத் தடை. நிக்கோடின் குழாயைச் சுருக்கிவிடும். பலர் காபியையும் நிறுத்தச் சொல்வதுண்டு.

நரம்பு நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். அடியில் அறுந்த விரலின் நுனிக்கு உணர்வு வர மூன்று மாதமாவது ஆகும். அதுவரை பட்டறைக்குத் திரும்பிக் கொலுசைப் பற்றவைத்தால் சுடுவதே தெரியாது. கொப்புளத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையை எடுப்பார்கள்.