ஹால் டிவியில் ஸ்டீம்ஓஎஸ்: பென் டிரைவை மதர்போர்டு படிக்கும் விதம்

ஸ்டீம்ஓஎஸ் என்ற, விளையாட்டுக்கான இயங்குதளத்தின் முதல் பதிப்பை நிறுவ லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, உங்கள் மதர்போர்டு அதை ஏற்றுக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி. 2013 டிசம்பரில், ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் இதை வெளியிட்டது. டெபியன் 7 என்ற லினக்ஸ் வகையின் மேல் கட்டியது, ஹாலில் சோபாவில் உட்கார்ந்து கன்ட்ரோலரை வைத்தே டிவியில் விளையாடுவதற்காக. பயாஸில் கிளம்பும் போர்டுகளை அது கண்டுகொள்ளவில்லை, யூஇஎஃப்ஐ கட்டாயம்.

இரண்டுமே கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மதர்போர்டில் முதலில் ஓடி, இயங்குதளத்தைத் தேடிக் கிளப்பும் மென்பொருள்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பழைய பயாஸுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. டிஸ்கின் முதல் 512 பைட்டை நினைவகத்தில் ஏற்றி, அதில் இருப்பதை அப்படியே ஓட்டும், அவ்வளவுதான். தெருவில் முதல் வீட்டுக் கதவை மட்டும் தட்டிவிட்டு, பதில் வராவிட்டால் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிற ஆள் மாதிரி. யூஇஎஃப்ஐ அப்படியில்லை, பென் டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் எஃப்ஏடி32 முறையை அதற்குப் படிக்கத் தெரியும். பென் டிரைவுக்குள் 'இஎஃப்ஐ' ஃபோல்டர், அதற்குள் 'பூட்', அதில் 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்ற கோப்பு இருக்கிறதா என்று தேடிப் பிடித்து இயக்கும். அதனால்தான் ஸ்டீம்ஓஎஸ்ஸை வெறும் ஜிப் கோப்பாகவே கொடுத்தார்கள். பிரித்து பென் டிரைவில் காப்பி செய்தால் போதும், தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

திருநகரில் சித்தப்பா வீட்டு ஹாலில் இதைப் போட்டபோது பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளாக நின்றது, ஒன்றில் முன்னால் 'யூஇஎஃப்ஐ:' என்று இருந்தது, மற்றதில் இல்லை. முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். அப்போது மதுரையில் நிறைய வீடுகளில் இருந்த, இன்டெலின் பழைய ஜி31, ஜி41 சிப்செட் போர்டுகளில் பெரும்பாலும் இந்த வரியே வராது.

தானியங்கி நிறுவலைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க் முழுவதும் அழியும், கல்யாண போட்டோ, விண்டோஸ் எல்லாம் சேர்ந்துதான். இன்னொரு ஹார்டு டிஸ்க் இருந்தால் அதன் சாட்டா கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். அப்புறம் கரண்ட். 2012, 2013-இல் நம்மூரில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. பாதியில் கரண்ட் போனால் பழையதும் இருக்காது, புதியதும் முழுசாக வந்திருக்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் கெப்பாசிட்டர் கரண்ட் இல்லாமல் தாங்குவது சுமார் 16 மில்லிசெகண்டுதான், சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கலாம், அதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யூபிஎஸ் மோடுக்கு மாற்றி வையுங்கள்.

கிராபிக்ஸ் கார்டும் முக்கியம். முதல் பதிப்பு என்விடியாவை மட்டுமே அதிகாரப்பூர்வமாக ஆதரித்தது. விளையாட்டு கேட்பதைக் கார்டுக்குப் புரியும் கட்டளையாக மாற்றுவது டிரைவரின் வேலை, லினக்ஸில் அந்த வேலையை வேகமாகச் செய்ததாக அன்று பெயர் எடுத்திருந்தது என்விடியாவின் டிரைவர். ஏஎம்டி, இன்டெலுக்கான ஆதரவு பிறகுதான் வந்தது.

சரி, நிறுவியாயிற்று, விளையாட என்ன இருந்தது? இங்கேதான் இடித்தது. பெரிய விளையாட்டுகளில் பெரும்பாலானவை கிராபிக்ஸ் கார்டிடம் படம் வரையச் சொல்லும் விண்டோஸின் கட்டளைத் தொகுப்பான டைரக்ட்3டி-யை நம்பி எழுதப்பட்டவை, லினக்ஸில் அந்த இடத்தில் இருந்தது ஓபன்ஜிஎல்தான். டைரக்ட்3டி கட்டளைகளை ஓடும்போதே, லினக்ஸிலும் வேலை செய்யும் வல்கன் என்ற இன்னொரு தொகுப்பின் கட்டளைகளாக மாற்றித் தருகிற வால்வின் புரோட்டான் மென்பொருள் 2018-இல்தான் வந்தது. அதுவரை இருந்த வழி, உள் அறையில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரில் விளையாட்டை ஓட்டி, காட்சியை வீடியோவாகச் சுருக்கி ஹாலுக்கு அனுப்புவது. பட்டனை அழுத்தியது ஒரு பக்கம் போக வேண்டும், படம் மறுபக்கம் வர வேண்டும், இரண்டும் சேர்ந்துதான் தாமதம். சுவர் தாண்டி வரும் வைஃபையில் அது கூடும், குறையும், கை கணக்கு தப்பும். சுவரோரமாக ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், 100 எம்பிபிஎஸ் தாராளம்.