நடைபாதை மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் சீனாவின் ஸ்பாஞ்ச் நகரத் திட்டம்

மழைநீரை முதலில் மண்ணுக்குள் இறக்கு, மிஞ்சுவதை மட்டும் வடிகாலுக்கு அனுப்பு. நகரத்தையே பஞ்சு மாதிரி மழைநீரை உறிஞ்சவைக்கப் பார்க்கும் சீனாவின் ஸ்பாஞ்ச் நகரத் திட்டம் கேட்பது இதைத்தான். 2012 ஜூலையில் பெய்ஜிங்கில் ஒரே நாள் வெள்ளத்தில் 79 பேர் இறந்துபோனார்கள். 2013 டிசம்பரில் அதிபர் ஷி ஜின்பிங் ஸ்பாஞ்ச் நகரங்களைப் பற்றிப் பேசினார், அடுத்த அக்டோபரில் தொழில்நுட்ப வழிகாட்டி வந்துவிட்டது. 2015ல் 16 நகரங்கள், 2016ல் இன்னும் 14 நகரங்கள் முன்னோட்டத்துக்கு எடுக்கப்பட்டன. முதல் தொகுதி நகரங்களுக்கு மத்திய அரசு, நகரத்தின் நிர்வாக அந்தஸ்தைப் பொறுத்து, மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 40 முதல் 60 கோடி யுவான் கொடுத்தது.

சரி, நடைபாதையில் என்ன மாறுகிறது? மேலே நீர் ஊடுருவும் கல், அதற்குக் கீழே ஜல்லி அடுக்கு, களிமண் பூமியாக இருந்தால் ஜல்லிக்குள் துளையிட்ட குழாய். இதைவிட முக்கியம் பக்கத்தில் நீளவாக்கில் செடி நட்டிருக்கும் மண் பட்டை. அது நடைபாதையைவிட 10 முதல் 20 சென்டிமீட்டர் தாழ்வாக இருக்கவேண்டும் என்கிறது வழிகாட்டி. நாம் வழக்கமாகப் பார்ப்பது இதற்கு நேர் எதிர்: மண்ணை மேடாகக் குவித்து, சுற்றிலும் கல் கட்டி, நடுவில் செடி வைப்போம், மழை பெய்தால் சேறு பாதைக்கு வரும், தண்ணீர் செடிக்குப் போகாது. தாழ்த்தினால் மட்டும் போதாது, விளிம்புக் கல்லில் இடைவெளி விட்டால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். பட்டைக்குள் ஒரு வடிகால் வாய் உண்டு, ஆனால் அது மண் மட்டத்தில் இல்லை, 5 முதல் 10 சென்டிமீட்டர் உயர்த்தி வைக்கப்படும். அந்த உயரம் வரை தேங்கும் நீர் மண்ணுக்கு, அதற்கு மேல் ஏறுவது குழாய்க்கு. இந்தச் சின்ன உயர வித்தியாசத்தில் தப்பு செய்துவிட்டால் மொத்தச் செலவும் வீண், அதனால்தான் இதை இவ்வளவு சொல்கிறேன்.

அப்புறம் இந்தத் திட்டத்தின் 70 சதவீத இலக்கு. 2015ல் வந்த அரசு அறிவிப்பின்படி மழையில் 70 சதவீதத்தை விழுந்த இடத்திலேயே உறிஞ்சவோ பயன்படுத்தவோ வேண்டும். 2020க்குள் நகரக் கட்டுமானப் பகுதியில் 20 சதவீதம், 2030க்குள் 80 சதவீதம் இந்த அளவை எட்டவேண்டும் என்று அது இலக்கு வைத்தது. பலர் இதை "எந்த மழை வந்தாலும் 70 சதவீதம் காணாமல் போய்விடும்" என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை, இது ஆண்டு முழுவதுக்குமான கணக்கு, பெரும்பாலும் சிறு, நடுத்தர மழையைப் பிடித்தே எட்டுவது. 2021 ஜூலையில் ஜெங்ஜோ நகரில் ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி மழைக்கு எந்த நடைபாதையும் ஈடுகொடுக்காது, பெரிய வடிகாலும் ஆறும் ஏரியும் முன்னெச்சரிக்கையும் தனியாக வேண்டும்.

பராமரிப்பும் வழிகாட்டியிலேயே இருக்கிறது. கல்லின் துளைகளில் தூசியும் இலைத்தூளும் அடைத்துக்கொள்ளும், உறிஞ்சு இயந்திரமோ உயர் அழுத்த நீரோ கொண்டு அவ்வப்போது சுத்தம் செய்யவேண்டும். ஒரு பாதை இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாலே போதும், உடனே இறங்காமல் மேலே ஓடினால் துளை அடைத்துவிட்டது.