சொல் விளக்கம்: கிரௌட்ராக்

இந்தச் சொல்லைத் தமிழில் எழுதினாலே பாதிப் பேர் கூட்டத்தைக் குறிக்கும் 'கிரவுட்' என்று படித்துவிடுகிறார்கள். கூட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது ஒரு ஜெர்மன் ராக் இசைவகையின் பெயர். சொல்லப்போனால் இந்த இசைக்குக் கூட்டம் சேர ரொம்ப நாள் பிடித்தது.

'கிரௌட்' ஜெர்மன் சொல். இலை, தழை, மூலிகை என்பது பொதுப்பொருள், முட்டைக்கோஸையும் குறிக்கும். கோஸைப் பொடியாக அரிந்து, உப்புப் போட்டுப் புளிக்கவைத்தால் அது 'சவர்கிரௌட்'. உலகப் போர்களின்போது ஆங்கிலேய, அமெரிக்கச் சிப்பாய்கள் ஜெர்மானியர்களுக்கு அந்தச் சாப்பாட்டின் பெயரையே வசவாக வைத்தார்கள். போர் முடிந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு, 1970களின் தொடக்கத்தில், ஆங்கில இசைப் பத்திரிகைகள் அந்த வசவோடு 'ராக்'கைச் சேர்த்து ஒட்டிப் பரப்பின. பாதி கேலி, பாதி வியப்பு.

சொல்லின் பொருள்: 1960களின் இறுதியிலிருந்து 70களின் நடுப்பகுதி வரை மேற்கு ஜெர்மனியில் பிறந்த பரிசோதனை ராக். முக்கியமான குழுக்கள்: கொலோனில் கேன், டுசல்டார்ஃபில் நொய், ஹாம்பர்க்குக்கும் பிரெமனுக்கும் இடையிலுள்ள வூமே என்ற ஊரில் ஃபௌஸ்ட். இவர்களின் இசை ஒன்றுபோல இருக்காது. ராக்குக்கு வேரான அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் இசையை நகலெடுக்க மறுத்ததும், ஒலிநாடாவை வெட்டி ஒட்டுவதையே வாசிப்பாகக் கருதியதும்தான் பொதுவாகச் சொல்லக்கூடியவை.

ஃபௌஸ்ட் கதையைப் பார்த்தால் இந்தச் சொல்லின் பயணமும் புரியும். ஊவே நெட்டல்பெக் என்ற பத்திரிகையாளர் ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனத்தைப் பேசிச் சம்மதிக்கவைத்து, வூமேயில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி, குழுவை அங்கே குடியேற்றினார். 'ஃபௌஸ்ட்' என்றால் ஜெர்மனில் முஷ்டி. 1971இல் வந்த முதல் இசைத்தட்டே கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக். உறையில் மூடிய கையின் எக்ஸ்ரே படம். பார்க்க அழகுதான், ஆனால் விற்கவில்லை.

1973இல் புதிதாகத் தொடங்கிய வர்ஜின் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. 'தி ஃபௌஸ்ட் டேப்ஸ்' என்ற முழு எல்பியை, அதாவது முழுநீள இசைத்தட்டை, 49 பென்ஸுக்கு, அன்றைக்குப் பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள 'சிங்கிள்' தட்டு விற்ற விலைக்கு, பிரிட்டனில் விற்றது. பல்லாயிரம் பிரதிகள் போயின. மலிவு என்று வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் ஊசியை வைத்தால், இரண்டு பக்கமும் தலைப்பில்லாத துண்டுகள். பியானோ கொஞ்சம், இரைச்சல் கொஞ்சம், யாரோ கத்துகிறார்கள், திடீரென்று மெல்லிய கிடார் பாட்டு ஒன்று. அது பிடித்துப்போகிற நேரத்தில் வெட்டு. எரிச்சலில் தட்டைத் தூக்கி ஓரமாக வைத்தவர்கள் ஏராளம். அப்படி வைத்ததையே மறுபடி எடுத்துக் கேட்டு, வாழ்நாள் ரசிகரானவர்களும் உண்டு. நாற்பத்தொன்பது காசு கொடுத்தாயிற்றே, வீணாக்குவானேன் என்ற சிக்கனத்துக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அதே ஆண்டு வந்த 'ஃபௌஸ்ட் IV' தட்டின் முதல் உருப்படிக்கு அவர்கள் வைத்த பெயரே 'கிரௌட்ராக்'. கிட்டத்தட்ட பன்னிரண்டு நிமிடம் ஒரே சுருதியில் ரீங்காரம். டிரம்ஸ் ஒழுங்காக நுழைவதற்குள் பாதி தாண்டிவிடும். பத்திரிகைகளின் கிண்டலுக்கு எதிர்க்கிண்டல். 'டேப்ஸ்' பிடித்தவர்கள் பலருக்கு அப்போது இது பிடிக்கவில்லை, ரொம்ப அடங்கிப்போய்விட்டார்கள் என்றார்கள். இன்றைக்குப் புதிதாக வருபவர்களிடம் முதலில் இதைக் கேள் என்று நீட்டுவது பெரும்பாலும் இந்தத் தட்டைத்தான்.

1975இல் குழு கலைந்தது. தொண்ணூறுகளில் பழைய தட்டுகள் சிடியாக வந்தன, குழுவும் மறுபடி மேடையேறியது. 1995இல் ஆங்கிலப் பாடகர் ஜூலியன் கோப் இந்த இசைக்கென்றே ஒரு கையேடு எழுதினார். அதற்குள் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய ஒலி ஹிப்ஹாப் கேட்டவர்களின் காதுக்குப் பழகிவிட்டிருந்தது. வசவு மெல்லப் பாராட்டாயிற்று. ஓவியத்தில் 'இம்ப்ரெஷனிசம்' என்ற பெயரும் 1874இல் ஒரு விமர்சகரின் நக்கலிலிருந்து நிலைத்ததுதான். ஆனாலும் ஜெர்மன் கலைஞர்களில் சிலருக்கு இந்தப் பெயர் கடைசிவரை ஒட்டவில்லை. அங்கே 'கோஸ்மிஷே மூசீக்' என்ற சொல்லும் புழங்கியது. அதைத் தமிழில் தயங்காமல் 'அண்டவெளி இசை' எனலாம்; மின்னொலி மிதக்கும் டேஞ்சரின் டிரீம் போன்ற குழுக்களுக்கு அது பொருந்தும், ஃபௌஸ்டுக்குப் பொருந்தாது.

சரி, கிரௌட்ராக்குக்குத் தமிழ்? 'முட்டைக்கோஸ் ராக்' என்று பெயர்த்தால் சிரிப்பு வரும், வசவின் உறைப்பு வராது. 'பாறை இசை' இன்னும் மோசம். இங்கே 'ராக்' என்பது ஆடுவது, குலுங்குவது, கல் அல்ல. 'ஜெர்மன் சோதனை ராக்' என்பது என் தேர்வு. 'பரிசோதனை' இன்னும் துல்லியம்தான். ஆனால் 'இதென்னடா சோதனை' என்று நாம் அலுத்துக்கொள்வதும் அந்தச் சின்னச் சொல்லில் ஒளிந்திருப்பதால், 49 பென்ஸ் கொடுத்தவர்களின் முதல் கருத்தையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது. கட்டுரையில் முதல்முறை வரும்போது இப்படி எழுதிவிட்டு, அப்புறம் 'கிரௌட்ராக்' என்றே ஒலிபெயர்த்துக்கொள்ளலாம். 'கிரவுட்' என்று மட்டும் எழுத வேண்டாம்.